ஒளுத் தண்ணீர் எங்கே போகிறது?

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி.

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். "சுத்தம் ஈமானின் பாதி", அதாவது இறைநம்பிக்கையில் பாதி, என்று மதரஸாவில் படிக்கும்போதே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் முன்னால் தண்ணீர் பாட்டிலும் டீக் கப்பும் இறைந்து கிடக்கின்றன. உள்ளே ஐந்து நேரமும் தொழுகைக்கு முன் ஒளு என்று கை கால் கழுவுகிற நாம் வெளியே ஏன் இப்படி இருக்கிறோம் என்பது உங்கள் முதல் கேள்வி. சுற்றுச்சூழலைப் பற்றி இஸ்லாம் உண்மையிலேயே ஏதாவது சொல்கிறதா, இல்லை இன்றைய பேச்சுக்கு ஏற்ற மாதிரி நாமாக ஒட்டவைத்துக்கொள்கிறோமா என்பது இரண்டாவது. இதை உங்கள் கல்லூரி நண்பர் கேட்டதாகவும், பதில் சொல்ல முடியாமல் நின்றதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நண்பர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஹதீஸில், அதாவது நபிமொழிகளில், தேடினால் ஒன்றும் கிடைக்காது. தண்ணீர், பாதை, நிழல், மரம், மேய்ச்சல் நிலம், வாயில்லா ஜீவன் என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அதுவும் பொதுவான புத்திமதியாக இல்லை. எவ்வளவு, எங்கே, யாருக்கு இடைஞ்சலாகும் என்று குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கும்.

முதலில் அந்தப் பிரபலமான வாசகம். "அந்நளாஃபத்து மினல் ஈமான்" (சுத்தம் ஈமானில் சேர்ந்தது) என்று சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வார்த்தைகளில் ஆதாரப்பூர்வமான ஹதீஸ் கிடையாது. ஆதாரமானது 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் அபூமாலிக் அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் "அத்துஹூரு ஷத்ருல் ஈமான்" (துஹூர் ஈமானின் பாதி). துஹூர் என்றால் தொழுகைக்காகச் செய்யும் தூய்மை. இந்த இடத்தில் ஈமான் என்பது தொழுகையைத்தான் குறிக்கிறது என்று விளக்கிய அறிஞர்களும் உண்டு. தொழும் திசையான கிப்லா மாறியபோது இறங்கிய வசனத்தில் (2:143) அல்லாஹ் தொழுகையை ஈமான் என்றே சொல்கிறான். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், சுத்தம் என்பதைப் பார்வைக்கு நன்றாக இருக்கவும் நோய் வராமல் இருக்கவும் சொன்ன யோசனை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது வணக்கம். வணக்கம் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு, அதற்குள் அடுத்தவர் உரிமையும் உண்டு. நாம் சறுக்குவது இந்த இரண்டு இடத்திலும்தான்.

அளவை எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளு செய்வார்கள், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) சொல்கிறார்கள். புகாரி, முஸ்லிம் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. முத்து என்பது சராசரி மனிதர் ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குள் வரும். ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) கணக்கில் சற்றுக் கூடி ஒரு லிட்டர் வரை போகலாம். நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ, அதாவது ஏறக்குறைய 3 லிட்டர். அதில் முழுக் குளிப்பு.

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறைக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம் அது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு முன், வீட்டுக் குழாயடியில் ஒரு வாளியை வைத்து, எப்போதும் போல் குழாயைத் திறந்து விட்டு ஒளு செய்தேன். கை, வாய், மூக்கு, முகம் என்று ஒவ்வொன்றுக்கும் இடையில் குழாயை மூடவில்லை. முழங்கை வரை தேய்க்கும் நேரமெல்லாம் தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருந்தது. தலைக்கு மஸ்ஹு செய்ய, அதாவது தடவிக்கொள்ள, ஈரக் கை போதும், ஆனால் அப்போதும் குழாய் ஓடியது. கடைசியில் பார்த்தால் வாளியில் ஏழு லிட்டர் கோட்டைத் தொட்டு நின்றது. என் உடம்பில் பட்டது அதில் கால்வாசி கூட இருக்காது. நாற்பது வருடமாக ஒளு செய்கிறவன் நான். வாளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு குவளையில் முக்கால் லிட்டர் எடுத்து முயன்றேன். முதல் தடவை காலுக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. மூன்றாம் தடவை சரியாக வந்தது, கடைசியில் ஒரு வாய் மிச்சமும் இருந்தது. உறுப்பு முழுவதும் நனைய வேண்டும், அதற்குமேல் தேவையில்லை என்பது கைக்குப் பழகிவிட்டால் அந்த அளவு தாராளம்.

"எனக்கு அது போதாதே" என்று அன்றைக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜாபிர் (ரலி) அவர்களிடம் குளிப்பைப் பற்றிக் கேட்டபோது ஒரு ஸாஉ போதும் என்றார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எனக்குப் போதாது என்றார். "உன்னைவிட அடர்ந்த முடியும், உன்னைவிடச் சிறப்பும் உள்ளவருக்கு அது போதுமானதாக இருந்தது" என்று ஜாபிர் (ரலி) பதில் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பதில்களில் இது ஒன்று.

ஒளு செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களிடம் "இதென்ன வீண்விரயம்?" என்று நபியவர்கள் கேட்டதும், "ஒளுவிலுமா விரயம்?" என்று அவர் வியந்ததும், "ஆம், ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும்தான்" என்று பதில் வந்ததும் எல்லோரும் மேடையில் சொல்வது. இப்னு மாஜாவில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு என்பதை நண்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கருத்துக்கு வேறு ஆதாரம் இருக்கிறது. கிராமத்து அரபி ஒருவர் வந்து ஒளுவைப் பற்றிக் கேட்டபோது, நபியவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் மும்மூன்று முறை கழுவிக் காட்டிவிட்டு, இதைவிடக் கூட்டுகிறவர் தவறு செய்தவர், வரம்பு மீறியவர், அநியாயம் செய்தவர் என்றார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் வருகிறது. கவனியுங்கள், கூடுதலாகக் கழுவுவதை 'கூடுதல் சுத்தம்' என்று யாரும் பாராட்டவில்லை. அதற்கு வந்த பெயர் அநியாயம். "உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்" என்கிற குர்ஆன் வசனம் (7:31) தொழுமிடத்துக்கு அழகாக உடுத்திச் செல்லுங்கள் என்று தொடங்கும் அதே வசனம்தான் என்பதும் எனக்கு ஒரு பாடம். இரண்டையும் அல்லாஹ் ஒரே மூச்சில் சொல்கிறான்.

இனி, அடுத்தவர் உரிமை. என் பார்வையில் உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

ஜும்ஆக் குளிப்பு எப்படி வந்தது என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்வதைப் பாருங்கள். மதீனாவின் சுற்றுப்புறத் தோட்டங்களில் உழைத்தவர்கள் புழுதியும் வியர்வையுமாகப் பள்ளிக்கு வருவார்கள். அப்போதுதான் "இந்த நாளுக்காக நீங்கள் குளித்துவிட்டு வரக்கூடாதா?" என்று நபியவர்கள் சொன்னார்கள். பச்சைப் பூண்டோ வெங்காயமோ சாப்பிட்டவர் பள்ளிக்கு வரவேண்டாம் என்றதும் அதே காரணத்துக்குத்தான். பக்கத்தில் நிற்கிறவருக்கு மூச்சு முட்டக்கூடாது. நம் சுத்தம் முதல் நாளிலிருந்தே பக்கத்து ஆளை வைத்துத்தான் பேசப்பட்டிருக்கிறது.

பள்ளிக்குள் இருந்து தெருவுக்கு வாருங்கள். "சாபத்துக்கு உள்ளாக்கும் இரண்டு காரியங்களை அஞ்சிக்கொள்ளுங்கள்" என்றார்கள் நபியவர்கள். எவை என்று தோழர்கள் கேட்டபோது, மக்கள் நடக்கும் பாதையிலோ அவர்கள் ஒதுங்கும் நிழலிலோ மலஜலம் கழிப்பது என்றார்கள். இது முஸ்லிமில். அபூதாவூத் அறிவிப்பில் நீர்த்துறையும் சேர்ந்து மூன்றாகிறது. தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழித்துவிட்டு அதிலேயே குளிக்காதீர்கள் என்றும் இருக்கிறது. ஒதுக்குப்புறமாகப் போய்த் தன் வேலையை முடித்துத் தன்னைக் கழுவிக்கொண்டவர், தன்னளவில் சுத்தமானவர்தான். அவருக்கு ஒளுவும் கூடிவிடும். ஆனாலும் வெயிலில் நடந்து வந்து அந்த மரத்தடியில் உட்காரப் போன ஒருவர் மனம் நொந்து சபிக்கிறாரே, அந்தச் சாபத்துக்கு இவர் ஆளாகிறார். அழுக்கை என் மேலிருந்து எடுத்து உங்கள் வழியில் வைத்தால் அதைத் தூய்மை என்று மார்க்கம் கணக்கு வைக்கவில்லை.

அதனால்தான் ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் என்று சொன்னபோது, உச்சியில், அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்னும் லாஇலாஹ இல்லல்லாஹ்வை வைத்து, அடியில் பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதை வைத்தார்கள். பாதையில் கிடந்த முள் கிளையை ஒதுக்கிப் போட்ட ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்கிற ஹதீஸும் நமக்குத் தெரியும். தம்பி, அடுத்தவர் போட்டதை அகற்றுவதுதான் அடிப்படி என்றால், நாமே போட்டுவிட்டுப் போவதை எந்தப் படியில் வைப்பது? நோன்புக் காலத்தில் கஞ்சி வாங்க வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். அப்புறம் பிளாஸ்டிக் பை வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் சூடான கஞ்சியை அதில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் போகவில்லை. இஃப்தார் முடிந்து மஃக்ரிப் தொழுகைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு வாய் குடித்த பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். மீதித் தண்ணீரும் வீண், பாட்டிலும் குப்பை. இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்த பிறகு அதையெல்லாம் பொறுக்குவது பாங்கு சொல்லும் வயதான மோதினார்.

பக்ரீத் குர்பானியும் அப்படித்தான். அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அது எல்லாவற்றிலும் நேர்த்தியை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று தொடங்குகிறது. அந்த 'எல்லாவற்றிலும்' குடலும் இரத்தமும் போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்துத்தான் என்பது என் உறுதியான கருத்து. முன்கூட்டியே குழி தோண்டிவைத்து, இரத்தம் அதில் இறங்கும்படி அறுத்து, கழிவை ஆழப் புதைத்து மண் தள்ளுகிற ஜமாஅத்துகள் இருக்கின்றன. சாக்கடையில் கழுவி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாற்று மதச் சகோதரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால், அன்றைக்கு அவருக்கு நம் மார்க்கமாகத் தெரிவது அந்த வாடைதான்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு முழுப் பதில் மரத்திலும் நிலத்திலும் இருக்கிறது. ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ தின்றால் அது அவருக்கு தர்மம் என்பதும், கையில் ஈச்சங்கன்று இருக்கும்போது உலக முடிவான கியாமத் நாளே வந்துவிட்டாலும் முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்பதும் அவருக்கும் தெரிந்திருக்கலாம். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்தவரின் கதையும் அப்படித்தான். அதிகம் பேசப்படாதது 'ஹிமா'.

இஸ்லாத்துக்கு முன் அரபுக் குலத் தலைவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. செழிப்பான இடத்துக்குப் போனால் மேடான இடத்தில் ஒரு நாயைக் குரைக்க விடுவார்கள். குரைப்புச் சத்தம் கேட்கும் தூரம் வரை அந்தத் தலைவருடைய தனி மேய்ச்சல் நிலம், அதுதான் ஹிமா. அதற்குள் வேறு யாருடைய ஆடும் நுழைய முடியாது. வெளியே மற்றவர்களோடும் சேர்ந்து மேய்த்துக்கொள்வார். இமாம் ஷாஃபிஈ இந்த வழக்கத்தை விளக்கியிருக்கிறார்கள். "அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரியதைத் தவிர வேறு ஹிமா இல்லை" என்று சொல்லி நபியவர்கள் இதை முடித்துவைத்தார்கள். அதற்குப் பிறகு ஹிமா என்பது பொது நலனுக்காக ஒதுக்கிக் காக்கும் நிலம் என்றானது. மதீனாவையே இரண்டு எரிமலைக் கற்படுகைகளுக்கு இடைப்பட்ட புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை போட்டார்கள்.

கலீஃபா உமர் (ரலி) தம் ஆட்சிக் காலத்தில் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அப்போது அவருக்குச் சொன்னது புகாரியில் இருக்கிறது. மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கு (வேண்டுதலுக்கு) அஞ்சு, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் வைத்திருப்பவரை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்றார்கள். இப்னு அவ்ஃபும் இப்னு அஃப்பானும் யார்? சொர்க்கத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட தோழர்கள், அப்துர் ரஹ்மானும் உஸ்மானும் (ரலி). உமர் (ரலி) சொன்ன காரணம் இது: அவர்கள் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கிறது. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்து அழுவான், நான் விட்டுவிட முடியுமா? தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு எளிது. இயற்கை வளத்தைக் காக்கிறேன் என்று சொல்லி எளியவனை வெளியே நிறுத்தக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. முஸ்லிம்கள் தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் பங்காளிகள் என்ற அபூதாவூத் ஹதீஸோடு சேர்த்து இதைப் படித்துக்காட்டுங்கள். நாம் ஒட்டவைத்த கதையா என்று நண்பரே சொல்லட்டும்.

இன்றைக்கும் இது வேலை செய்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்ஸிபாரில் பெம்பா தீவையொட்டி மிஸாலி என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. சுற்றிலும் பவளப்பாறை. வெடி வைத்து மீன் பிடிப்பதைச் சட்டத்தால் நிறுத்த முடியாத நிலையில், 1990களின் இறுதியில் குர்ஆன் வசனங்களையே எடுத்துக்கொண்டு மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பழக்கம் பெருமளவு குறைந்தது. இங்கிலாந்தில் 2019இல் திறந்த கேம்பிரிட்ஜ் பள்ளிவாசலில் மழைநீரையும் பயன்படுத்திய தண்ணீரையும் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விடுகிறார்கள்.

சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். நிறம், சுவை, வாடை மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளமே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்தால் அது தூய்மையான தண்ணீர்தான், அதில் ஒளுவும் செய்யலாம் என்று சவூதியின் மூத்த அறிஞர்கள் குழு 1978லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஒளுத் தண்ணீருக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. ஒருமுறை ஒளு செய்த தண்ணீரால் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் மறுபடி ஒளு செய்ய முடியாதே தவிர, அது நஜீஸ் (அசுத்தம்) அல்ல. சோப்பும் கிடையாது. செடிக்கு விடத் தடையே இல்லை. ஹவுழ் (ஒளுத் தொட்டி) வைத்த பழைய பள்ளிவாசல்களில் இதை அழகாகச் செய்திருப்பார்கள். ஷாஃபிஈக்கு இரண்டு குல்லத், அதாவது சுமார் 200 லிட்டர், ஹனஃபிக்குப் பத்துக்குப் பத்து முழம் என்கிற கணக்குக்குக் குறையாமல் தொட்டி இருக்கும். கரையில் குந்தி உட்கார்ந்து கையால் மொள்ளும்போது ஒரு சொட்டுகூட அனாவசியமாக ஓடாது. கழுவிய தண்ணீர் காலடியில் உள்ள வாய்க்காலில் இறங்கித் தென்னைக்குப் போய்விடும். குழாய் வந்த பிறகுதான் இந்த ஒழுங்கு கலைந்தது.

உங்கள் ஜமாஅத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு எங்கள் பள்ளியில் நடந்ததையே சொல்கிறேன். அதே 2019இல் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்து மாளவில்லை. நிர்வாகத்தில் பேசிப் பேசி முடிவு வரவில்லை. மோதினார் யாரிடமும் கேட்காமல் ஒளுக் குழாய்களுக்குப் போகும் மெயின் வால்வைப் பாதிக்கு மூடிவிட்டார். குழாயில் விரல் கனத்துக்கு வந்த தண்ணீர் பென்சில் கனத்துக்கு வந்தது. இரண்டு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இமாம் ஒரு ஜும்ஆவில் உரைமேடையான மிம்பரில் ஏறும் முன் முக்கால் லிட்டர் குவளை ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுதான் முத்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் பயானைத் தொடங்கினார். பிறகு ஒருவர் தன் செலவில் குழாய்த் தண்ணீரைச் சாக்கடையிலிருந்து திருப்பி, காம்பவுண்டு ஓரத்தில் உறைகிணறு ஒன்று இறக்கி அதில் விட்டார். போகிற வழியில் இரண்டு வேப்பங்கன்று வைத்தோம். ஒன்று பட்டுப்போனது. இன்னொன்று மதிலைத் தாண்டித் தெருப்பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது. அதன் நிழலில் இப்போது செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.